பசியில்லாத மீனுக்கு எந்த இரை?

கடலைவிட்டு ஆற்றுக்குள் நுழைந்த பசிபிக் சால்மன் சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறது. அதன் இரைப்பையும் குடலும் சுருங்கிப்போகின்றன. வயிற்றில் சினைக்கும் விந்துச் சுரப்பிக்கும்தான் இடம். கடலில் சேர்த்த கொழுப்பையும், அது குறைந்ததும் தன் தசையையும் எரித்துக்கொண்டு அது எதிர்நீச்சல் போடுகிறது. அலாஸ்காவின் யூகான் ஆற்றில் ஏறும் சினூக் சால்மன்களில் ஒரு பகுதி ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் கடந்து கனடாவுக்குள் போய் முட்டையிடுகிறது. அதன்பின் வெகு சீக்கிரம் இறந்துவிடுகிறது.

அப்படியிருந்தும் அந்த மீன் ஆற்றில் தூண்டிலைக் கவ்வுகிறது. வாஷிங்டன், ஓரிகான், பிரிட்டிஷ் கொலம்பியா, அலாஸ்கா ஆறுகளில் இலையுதிர் காலம்தோறும் கரையில் வரிசையாக நிற்பவர்கள் பலர் மீனோடுதான் வீடு திரும்புகிறார்கள். சாப்பிடாத மீன் எதற்காக இரையைக் கவ்வ வேண்டும்? சால்மனுக்கான இரையையும் தூண்டில் கட்டையும் தேர்ந்தெடுப்பது முழுக்க இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. தூண்டில் கட்டு என்றால் முள், நரம்பு, ஈயம், தக்கை, ஸ்விவல் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு) ஆகியவற்றைக் கோக்கும் முறை. கடைக்குள் போனால் நூறு நிறங்களில் போலி இரைகள் தொங்கும். அவற்றில் ஒன்றை எடுக்குமுன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். மீன் தன் வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? அது நீந்தும் தண்ணீர் ஒளி, மணம், அதிர்வு ஆகியவற்றில் எதை அதனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும்?

கடலில் பசி

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஐந்து வகை சால்மன்கள் உண்டு: சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம். ஐந்தும் ஒரே பேரினம். உணவு மட்டும் வேறுவேறு. சினூக்கும் கோஹோவும் வேட்டைக்காரர்கள். மத்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஹெரிங், நெத்திலி, கணவாய் ஆகியவற்றைத் துரத்திப் பிடிப்பவை. சாக்கை வேறு ரகம். அதன் செவுளில் நீண்ட, நெருக்கமான சீப்புப் பற்கள் போன்ற முட்கள் உள்ளன. தண்ணீரிலிருந்து கூனி அளவுள்ள சிற்றுயிர்களைப் பிரித்தெடுக்க ஏற்ற அமைப்பு அது. சினூக்குக்குப் பொருந்தும் பெரிய ஹெரிங்கை சாக்கையின் முன்னால் இழுத்தால் பெரும்பாலும் அது திரும்பிப் பார்ப்பதில்லை. விரல் நீளத்தில் இளஞ்சிவப்பு நிறப் போலி இரையை மெதுவாக இழுத்தால் கவ்வும். பிங்க் சால்மனுக்கும் அதே அளவு, அதே நிறம் பொருந்தும்.

கடலில் இருக்கும் சினூக்குக்கு மிகப் பழைய, இன்றும் மிக நம்பகமான இரை தலை வெட்டிய ஹெரிங். செவுளுக்குப் பின்னால் சாய்வாக வெட்டித் தலையை நீக்குவார்கள். குடலை எடுத்துவிட்டு, ஒரே நரம்பில் அடுத்தடுத்துக் கட்டிய இரண்டு முட்களை அதில் கோப்பார்கள். அந்தச் சாய்ந்த வெட்டு தண்ணீரை ஒரு பக்கமாகத் தள்ளுவதால் இழுக்கும்போது மீன் உருண்டு உருண்டு சுழலும். வெட்டின் சாய்வும் முள் நுழையும் இடமும் சுழற்சியின் வேகத்தைத் தீர்மானிக்கும். சினூக்குக்கு அகலமான மெதுச் சுழற்சி; கோஹோவுக்கு இறுக்கமான வேகச் சுழற்சி. ஹெரிங்கின் செதிலில் குவானின் என்ற பொருளின் நுண் படிகங்கள் அடுக்கடுக்காக உள்ளன. அவை கண்ணாடியாக ஒளியைத் திருப்பியடிக்கும். கூட்டத்தோடு நேராக நீந்தும் ஹெரிங் அந்தப் பளபளப்பைக் கொண்டே தன்னை மறைத்துக்கொள்கிறது. காயம்பட்டுப் புரளும் ஹெரிங்கோ விட்டுவிட்டு மின்னும். வேட்டையாடும் மீன் குறைந்த உழைப்பில் கிடைக்கும் இரையைத்தான் முதலில் தாக்கும். சுழலும் ஹெரிங் அந்த அடையாளத்தைத்தான் காட்டுகிறது.

இரையை முதல்நாளே கல்லுப்பு நீரில் ஊறவைப்பதற்கும் காரணம் உண்டு. உப்பு தசையிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. சதை இறுகுகிறது, முள் பிய்ந்து வராது, செதிலும் எளிதில் உதிராது. செதில் உதிர்ந்த ஹெரிங்கில் மின்னல் இல்லை.

படகில் இழுத்துப் பிடிப்பவர்கள் இரைக்கு முன்னால் ‘ஃபிளாஷர்’ என்ற, 28 செ.மீ. அளவுள்ள பளபளப்பான பட்டையைக் கட்டுவார்கள். அது பெரிய வட்டமாகச் சுழன்று வேட்டையாடும் வேறொரு மீனின் விலாப்பக்கம் போல மின்னும். கூடவே தண்ணீரில் வலுவான அதிர்வுகளையும் எழுப்பும். சால்மனின் காதுக்குச் சுமார் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழான தாழ்ந்த ஒலிகள்தான் எட்டும். உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு இன்னும் தாழ்ந்த அசைவுகளை மிக நெருக்கத்தில் உணரும். ஃபிளாஷரின் உதறல் இந்த இரண்டு எல்லைக்குள்ளும் வருகிறது.

ஃபிளாஷருக்குப் பின்னால் கணவாய் வடிவ ரப்பர் இரையான ‘ஹூச்சி’யைக் கட்டினால், இடையில் எவ்வளவு நரம்பு விடுவது என்பதில்தான் வெற்றி இருக்கிறது. ஹூச்சிக்குச் சொந்தமாக அசைவு கிடையாது. ஃபிளாஷரின் ஒவ்வொரு உதறலும் நரம்பு வழியாக அதற்குப் போய்ச் சேர வேண்டும். நரம்பு நீண்டால் அந்த உதறல் வழியிலேயே தேய்ந்துவிடும். துள்ளலான அசைவை விரும்பும் கோஹோவுக்கு முக்கால் மீட்டர் அளவிலும், நிதானத்தை விரும்பும் சினூக்குக்கு ஏறத்தாழ ஒரு மீட்டரிலும் கட்டுவது வழக்கம். உண்மையான ஹெரிங்கைக் கட்டினால் கணக்கு மாறும். அது தானே சுழல்வதால் ஃபிளாஷரின் உதறல் அதைக் குலைக்கக் கூடாது. அதனால் நரம்பை ஒன்றரை மீட்டருக்கு மேல் விடுவார்கள். கடையில் ஆயத்தமாகக் கட்டி விற்கும் ஒரே நீளம் எல்லாவற்றுக்கும் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

ஆழமும் அப்படியே. கோஹோ பெரும்பாலும் மேல்மட்டத்தில் திரியும். சினூக் அதைவிட ஆழத்தில், பல சமயம் அடித்தரையை ஒட்டியே நீந்தும். ஆகவே சினூக்கைத் தேடும் படகுகள் தனிக் கம்பியில் பல கிலோ எடையுள்ள ஈயக்குண்டை இறக்கி, அதில் ஒரு கவ்வியால் தூண்டில் நரம்பைப் பிடித்துவைக்கின்றன. மீன் கடித்ததும் கவ்வி நரம்பை விட்டுவிடும். பிறகு ஈயத்தின் பாரமின்றி மீனோடு மட்டும் போராடலாம்.

நிறம் தண்ணீருக்குள் என்ன ஆகிறது

போலி இரையின் நிறத்தைக் கடை வெளிச்சத்தில் பார்த்துத் தேர்வது பெரும்பாலும் வீண். தண்ணீர் முதலில் சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுகிறது. பத்து மீட்டர் ஆழத்துக்குள் பெரும்பகுதிச் சிவப்பு மறைந்துவிடும். அங்கே சிவப்பு இரை கருஞ்சாம்பலாகத்தான் தெரியும். தெளிந்த நடுக்கடலில் நீலம் அதிக ஆழம் செல்லும். நுண்பாசி நிறைந்த கரையோரக் கடலில் பச்சை முந்தும். பசிபிக் கரையோரச் சினூக் மீனவர்கள் பச்சையையும் மஞ்சள்பச்சையையும் விடாமல் பிடித்திருப்பதில் இயற்பியல் இருக்கிறது.

ஒளிர்நிறங்களுக்குத் தனிச் சிறப்பு உண்டு. சாதாரணச் சிவப்பு தன்மேல் விழும் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்ப மட்டுமே முடியும். அந்த ஒளி இல்லாத இடத்தில் அது கறுப்பு. ஒளிர்நிறச் சாயமோ ஆழத்தில் எஞ்சியிருக்கும் நீல ஒளியை வாங்கி ஆரஞ்சாகவோ பச்சையாகவோ மாற்றி வெளியிடுகிறது. ஆகவே அங்கேயும் அது பளிச்சென்று தெரியும். புற ஊதா ஒளியில் மின்னும் இரைகள் என்று விளம்பரப்படுத்தப்படுபவற்றை மட்டும் அளவோடு நம்பலாம். சால்மன் குஞ்சுகளின் விழித்திரையில் புற ஊதாவை உணரும் கூம்பு செல்கள் உண்டு. வளர வளர அவற்றில் பெரும்பங்கு நீலத்தை உணர்பவையாக மாறிவிடுகின்றன.

வியப்பான மாற்றம் ஆறு ஏறும்போது நடக்கிறது. சால்மனின் கண்ணில் உள்ள ஒளிநிறமிகள் வைட்டமின் ஏ-யின் இரு வடிவங்களில் ஒன்றைக் கொண்டு உருவாகின்றன. கடலில் முதல் வடிவம் மிகுதி. முட்டையிடப் பயணம் தொடங்கியதும் இரண்டாம் வடிவத்தின் பங்கு கூடுகிறது. பார்வை சிவப்பு நோக்கி நகர்கிறது. நீலக் கடலைவிட்டு, மண்ணும் இலைச்சாறும் கலந்த பழுப்பு ஆற்றுக்குள் போகும் மீனுக்கு ஏற்ற ஏற்பாடு இது. ஆழமில்லாத ஆற்றில் சிவப்பொளி அடிவரை போவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஆற்றுத் தூண்டிலில் ஆரஞ்சும் சிவப்பும் இளஞ்சிவப்பும் நன்றாக வேலை செய்வது தற்செயல் அல்ல.

மூக்கின் ஆட்சி

சால்மனின் வாழ்க்கையை நடத்துவது மூக்கு. அது பிறந்த ஓடையின் மணத்தைக் குஞ்சுப் பருவத்திலேயே பதித்துக்கொண்டு, பல ஆண்டுகளுக்குப் பின் அந்த மணத்தைப் பிடித்துத் திரும்புகிறது என்ற கருத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் 1951-இல் முன்வைத்தார்கள். பின்னர் மார்ஃபோலின் என்ற வேதிப்பொருளின் மணத்தில் கோஹோ குஞ்சுகளை வளர்த்து மிச்சிகன் ஏரியில் விட்டபோது, வளர்ந்த மீன்கள் அந்தப் பொருள் கலந்த ஓடைகளைத் தேடி வந்தன. கருத்து உறுதிப்பட்டது.

தூண்டில் போடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு கண்டுபிடிப்பும் 1950களில்தான் வந்தது. மீன்கள் ஏறுவதற்காகக் கட்டப்பட்ட படிநீர்ப்பாதைகளில், மனிதக் கை அலசிய தண்ணீரையோ கரடித் தோலின் சாற்றையோ கலந்தால் சால்மன்கள் சில நிமிடங்கள் ஏறாமல் நின்றுவிடுவதைக் கனடிய ஆய்வாளர்கள் கண்டார்கள். பாலூட்டிகளின் தோலில் உள்ள எல்-செரைன் என்ற அமினோ அமிலமே இதற்குக் காரணம் என்று 1956-இல் கண்டறிந்தார்கள். கரடியும் கடல்நாயும் வேட்டையாடும் மீனுக்கு அந்த மணம் ஆபத்தின் அறிவிப்பு. தேர்ந்த தூண்டில்காரர்கள் இரையைத் தொடுமுன் கையை நன்றாகக் கழுவுவதும் கையுறை போடுவதும் பொருளற்ற சடங்கு அல்ல.

மணம் பரவும் விதத்தையும் நினைவில் வைக்க வேண்டும். எண்ணெய் நீரில் கரையாது. சால்மனின் மூக்கு நன்றாக உணர்வது நீரில் கரையும் அமினோ அமிலங்களை. புதிய ஹெரிங்கிலும் புதிய சினையிலும் அவை தொடர்ந்து கசியும். வெளுத்துச் சப்பிப்போன இரையில் கசிய எதுவும் மிச்சமில்லை. விலையுயர்ந்த வாசனை எண்ணெயைப் பூசுவதைவிட இரையை அடிக்கடி மாற்றுவது பயன் தரும்.

ஆற்றில் சீண்டல்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பசியற்ற மீன் ஏன் கவ்வுகிறது? இதற்கு ஒற்றை விடை இல்லை. மூன்று விளக்கங்கள் சேர்ந்தே பொருந்துகின்றன. முதலாவது, பல ஆண்டுகள் இரையைத் துரத்திய பழக்கம். உடல் உணவை நிறுத்தினாலும் அசைவைக் கண்டதும் தாக்கும் நரம்புவழி உடனே அழிந்துவிடுவதில்லை. கடலைவிட்டுப் புதிதாக வந்த, இன்னும் வெள்ளி மின்னும் மீன்கள் நன்றாகக் கவ்வுவதற்கு இது காரணம். இரண்டாவது, ஆக்கிரமிப்பு. முட்டையிடும் காலம் நெருங்க நெருங்க ஹார்மோன்கள் அதைச் சண்டைக்காரனாக்குகின்றன. தன் இடத்துக்குள் வருவதைக் கடித்து விரட்டும். மூன்றாவது, ஆராயும் இயல்பு. மீனுக்குக் கை கிடையாது. ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்க வாய்தான் வழி.

ஆற்று இரைகள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றைத் தொடுகின்றன. சால்மன் சினை பழைய பழக்கத்தையும் மூக்கையும் தொடும். ஸ்பின்னர் என்ற சுழல்தகடு கண்ணையும் பக்கக்கோட்டையும் தாக்கும். அகன்ற வட்டத் தகடு மெதுவாக இழுத்தாலும் சுழன்று பலமாக அதிரும். கலங்கல் நீருக்கும் குளிர் நீருக்கும் அது ஏற்றது. ஒடுங்கிய இலைத் தகடு வேகமான தெளிநீருக்கு ஏற்றது. ‘க்விக்ஃபிஷ்’ போன்ற, ஆடி ஆடி நீந்தும் பிளக் என்ற பெரிய போலி மீன்களைப் படகிலிருந்து ஓட்டத்தில் இறக்கி, மீன் ஒதுங்கியிருக்கும் பள்ளத்தின் முன்னே நிறுத்திவைப்பார்கள். அது மீனை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி வரும். இடத்தைவிட்டு நகர விரும்பாத சினூக் ஒரு கட்டத்தில் பாய்ந்து கடிக்கும். பிளக்கின் அடியில் மத்தித் துண்டை நூலால் சுற்றிக் கட்டினால் மணமும் சேர்ந்துகொள்ளும்.

சினைக்கு மிகச் சிறந்த கட்டு தக்கைக் கட்டு. நரம்பில் மேலிருந்து கீழாக ஒரு தடை முடிச்சு, ஒரு மணி, வழுக்கியோடும் தக்கை, ஈயம், ஸ்விவல், பிறகு முன்நரம்பு, முள். தடை முடிச்சை மேலும் கீழும் நகர்த்தி ஆழத்தை மாற்றலாம். முள்ளின் காம்பில் நரம்பைச் சுற்றிக் கட்டும்போது ஒரு வளையம் விடுவார்கள். அதற்குள் சினைத் துண்டைச் செருகி இழுத்தால் முள்ளால் குத்திக் கிழிக்காமலேயே அது நிற்கும்.

இந்தக் கட்டில் பலர் கவனிக்காதது ஓட்டத்தின் வேகம். கல்லும் மண்ணும் உரசுவதால் ஆற்றின் அடிநீர் மேல்நீரைவிட மெதுவாக ஓடுகிறது. தக்கை மேல்நீரின் வேகத்தில் போகும். இரையோ மெதுவான அடிநீரில் இருக்கிறது. ஈயம் குறைந்தால் தக்கை இரையை இழுத்துக்கொண்டு ஓடும். இரை மேலெழுந்து மீனின் தலைக்கு மேலே கடந்துபோய்விடும். இரை அடியிலிருந்து ஒரு முழ உயரத்தில், அடிநீரின் வேகத்திலோ அதைவிடச் சற்று மெதுவாகவோ மிதந்து வர வேண்டும். அப்படி வந்தால் அதன் மணம் இரைக்கு முன்னாலேயே மீனை எட்டிவிடும். ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்கும் மீன் முதலில் முகரும், பிறகு பார்க்கும்.

சாக்கைக்கு மட்டும் இந்த அறிவெல்லாம் ஆற்றில் அதிகம் உதவாது. அலாஸ்காவின் கெனாய் ஆற்றில் கூட்டங்கூட்டமாக ஏறும் சாக்கைகளுக்கு எளிய நூல் கட்டிய முள்ளை ஓட்டத்தோடு வீசுகிறார்கள். வாயைத் திறந்து மூடி நீந்தும் மீனின் வாய்க்குள் நரம்பு நுழைந்து வழுக்க, முள் தாடையில் தைக்கிறது. வாயைத் தவிர வேறிடத்தில் தைத்த மீனை உடனே விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

தெளிவும் குளிரும்

ஆற்றின் நிறம் இரையின் அளவைச் சொல்லும். மழைக்குப் பின் கலங்கிய நீரில் பெரிய, பளிச்சென்ற, அதிரும் இரை. தெளிந்து வற்றிய நீரில் சிறிய, மங்கலான இரை, மெல்லிய நீண்ட முன்நரம்பு. அங்கே ஃபுளோரோகார்பன் நரம்பு நன்மை தரும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. ஃபுளோரோகார்பனுக்கு ஏறத்தாழ 1.42. சாதாரண நைலான் தங்கூசிக்கு அது 1.5-ஐத் தாண்டும். எண் நீரோடு நெருங்க நெருங்க நரம்பு கண்ணில் படுவது குறையும். பாறையில் உரசினாலும் ஃபுளோரோகார்பன் எளிதில் தேயாது. ஆனாலும் மெலிவுக்கு எல்லை வேண்டும். 1985-இல் இதே கெனாய் ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட சினூக்கின் எடை 97 பவுண்டு, சுமார் 44 கிலோ. அத்தகைய மீன் வாழும் ஆற்றில் மெல்லிய நரம்பைப் போட்டு, அறுத்துக்கொண்டு முள்ளோடு ஓட விடுவது மீனுக்குச் செய்யும் தீங்கு.

சால்மன் குளிர்ரத்த உயிரி. நீரின் வெப்பநிலைதான் அதன் சுறுசுறுப்பைத் தீர்மானிக்கிறது. நீர் ஐந்து டிகிரிக்கு இறங்கினால் அது இரையைத் தேடி நகராது; மெதுவான இரையை மூக்கருகே கொண்டுபோக வேண்டும். பத்து, பன்னிரண்டு டிகிரியில் வேகமான ஸ்பின்னரைத் துரத்தும்.

பசிபிக் சால்மனைப் போலவே அட்லான்டிக் சால்மனும் ஆற்றில் உண்பதில்லை. அதுவும் சீண்டலுக்கு இசைகிறது. ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் 1922 அக்டோபரில் ஜார்ஜினா பாலன்டைன் பிடித்த 64 பவுண்டு மீன் இன்றும் பிரிட்டனின் தூண்டில் சாதனை. சுழலும்படி கோத்த ‘டேஸ்’ என்ற சிறு மீன்தான் அவருடைய இரை. கடலே இல்லாத டொரன்டோவைச் சுற்றி வாழும் தமிழர்களுக்கும் இந்த அறிவு நேரடியாகவே பயன்படும். 1960களின் இறுதியிலிருந்து ஒன்டாரியோ ஏரியில் விடப்பட்ட பசிபிக் சினூக்குகள் அங்கே அலெவைஃப் என்ற ஹெரிங் உறவு மீனைத் தின்று வளர்கின்றன. கோடையில் ஏரியில் ஸ்பூன் என்ற வெள்ளி நிறத் தகடும், செப்டம்பரில் கிரெடிட், கனரஸ்கா ஆறுகளில் வலைத்துணியில் கட்டிய சினைப் பொதியும் அவற்றுக்கு ஏற்றவை. கடலுக்குப் பதில் ஏரி, விதி அதேதான்.

முள்ளைத் தேர்வதில் உள்ள பொறுப்பு

இரை எதுவானாலும் முள்ளில் அக்கறை வேண்டும். இயற்கை இரையைச் சால்மன் பல சமயம் விழுங்கிவிடுகிறது. முள் தொண்டையிலோ செவுளிலோ தைத்தால் திரும்ப விட்டாலும் மீன் பிழைப்பது அரிது. போலி இரையில் முள் பெரும்பாலும் தாடையோடு நின்றுவிடும். விட்டுவிட வேண்டிய மீன்கள் மிகுந்த ஆற்றில் போலி இரையே நேர்மையான தேர்வு. முள்நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் முள் நொடியில் கழலும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மனுக்கு எதிர்முள் இல்லாத முள்தான் சட்டப்படி செல்லும். சினையைப் பதப்படுத்தும்போதும் கவனம் தேவை. சிலர் சேர்க்கும் சோடியம் சல்ஃபைட், அந்தச் சினையைத் தின்னும் சால்மன் குஞ்சுகளைக் கொல்லக்கூடியது என்று ஓரிகான் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அடுத்த தலைமுறையை அழிக்கும் இரை எவ்வளவு பலன் தந்தாலும் அது நல்ல இரை ஆகாது.

இன்று சால்மன் பல ஆறுகளில் குறைந்துவருகிறது. கலிஃபோர்னியாக் கரையில் 2023-இலும் 2024-இலும் கடல் சால்மன் பிடிப்பு முழுவதுமாக மூடப்பட்டது. அணைகள், வறட்சி, சூடேறும் நீர் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. தூண்டில் போடும் ஒருவரால் அணையை நீக்க முடியாது. தன் தூண்டிலைத் திருத்திக்கொள்ள முடியும். ஆற்றுக்குப் போகுமுன் அந்த ஆண்டின் விதிகளைப் படியுங்கள். இயற்கை இரை அனுமதிக்கப்படாத ஆறுகளும் உண்டு. எதிர்முள்ளை நசுக்குங்கள். ஒரு வெப்பமானியை எடுத்துச் செல்லுங்கள். நீர் 20 டிகிரியைத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். அந்த வெப்பத்தில் நீரிலுள்ள ஆக்சிஜன் குறைகிறது. தூண்டிலோடு போராடிக் களைத்த மீன் விட்டபிறகும் இறந்துபோகலாம். உண்ணாமல் பலநூறு கிலோமீட்டர் நீந்தி வந்த மீனுக்கு முட்டையிடும் வாய்ப்பை விட்டுவைப்பது நம் கடமை.